எல்லா உறுப்பும் இருந்தும்
பறந்த கதை – பகுதி 7

சென்ற பகுதியைக் கிட்டி ஹாக் மணல்வெளியில் நிறுத்தியிருந்தோம். 1903 டிசம்பர் 17 அன்று ஆர்வில் ரைட் 12 வினாடிகளில் 120 அடி பறந்தார். அன்றைய நான்காவது முயற்சியில் அண்ணன் வில்பர் 59 வினாடிகளில் 852 அடி கடந்தார். அங்கிருந்து இந்த வாரம் உலகின் தென்கோடிக்கு, நியூசிலாந்தின் ஆக்லாந்து நகருக்குப் போகிறோம். விமானத்தின் உறுப்புகள் எவை, ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்பதைப் படம் போட்டு விளக்கலாம்தான். ஆனால் அவை எப்படி வந்து சேர்ந்தன என்று தெரிந்தால் விளக்கமே தேவைப்படாது. அந்தக் கதையின் ஒரு நல்ல அத்தியாயம் நியூசிலாந்தில் நடந்தது.

பந்தய மைதானங்கள்

ஆக்லாந்தின் மேற்குப் பகுதியில் இருக்கிறது ஏவன்டேல். அங்குள்ள குதிரைப் பந்தய மைதானம் 1890இல் முதல் பந்தயத்தைக் கண்டது. கீரைக்கட்டும் பச்சை மிளகாயும் சேப்பங்கிழங்கும் வாங்கப் பல நாட்டு மக்கள் முண்டியடிக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை பல பத்தாண்டுகளாகக் கூடிவந்ததும் அங்கேதான். அதே மைதானத்தில் 1913இல் சான்ட்ஃபோர்ட், மில்லர் என்னும் இருவர் தங்கள் இரட்டைத்தள விமானத்தைச் சோதித்தார்கள். மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கைகள், நடுவே மரச்சட்டங்கள், குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டிய கம்பிகள். அக்காலத்து விமானம் என்றால் அதுதான் தோற்றம்.

குதிரை ஓடும் இடத்துக்கு விமானம் ஏன் வந்தது? விமான நிலையம் என்பது உலகில் அப்போது மிக அரிது. மரமில்லாத, மேடுபள்ளமில்லாத, நீண்ட புல்தரை வேண்டும். வேடிக்கை பார்க்கிறவர்களிடம் கட்டணம் வாங்க வேலியும் வாசலும் இருந்தால் இன்னும் நல்லது. ஆகவே எந்த ஊரிலும் விமானிகள் முதலில் தேடியது பந்தய மைதானத்தையோ திடலையோதான். நம் சென்னையில் அது தீவுத்திடல். மவுன்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய கோர்சிகாக்காரர் ஜாக்கோமோ டி ஆஞ்செலிஸ், குதிரை வண்டிகள் கட்டிப் பேர்பெற்ற சிம்சன் கம்பெனியில் தம் விமானத்தைக் கட்டுவித்து, 1910 மார்ச்சில் அங்கே பொதுமக்கள் முன்னால் பறந்து காட்டினார். 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத் கண்காட்சியில் இருந்து கிளம்பி, ஆற்றைத் தாண்டி நைனிக்கு ஏறக்குறைய 6,500 கடிதங்களைக் கொண்டுசென்றார் பிரெஞ்சு விமானி ஆன்றி பெக்கே. உலகத்தின் முதல் அதிகாரபூர்வ விமான அஞ்சல் அது.

ஏவன்டேல் வழியாகப் போகும் கிரேட் நார்த் சாலையில் நகரை நோக்கிச் சென்றால் வெஸ்டர்ன் ஸ்பிரிங்ஸ் வரும். சாலையோரத்திலேயே மோட்டாட் என்று ஊரார் சொல்லும் போக்குவரத்து, தொழில்நுட்ப அருங்காட்சியகம். ரிச்சர்ட் பியர்ஸ் என்னும் விவசாயியின் விமானத் துண்டுகள் வந்து சேர்ந்த இடம் அதுதான்.

வைட்டோஹி விவசாயி

பியர்ஸ் வாழ்ந்தது ஆக்லாந்தில் அல்ல, தெற்குத் தீவின் வைட்டோஹி என்ற விவசாயக் கிராமத்தில். பெரிய படிப்பு இல்லை, துணைக்கு ஆளில்லை, பணமும் இல்லை. பட்டறை மட்டும் இருந்தது. மூங்கிலும் உலோகக் குழாயும் கொண்டு சட்டம் கட்டினார். அதன்மேல் கித்தான் துணி போர்த்தினார். எஞ்சினையும் தாமே செய்தார்; சிலிண்டர்களுக்கு இரும்புக் குழாய்களைப் பயன்படுத்தினார்.

அந்த விமானத்தை இன்றைய கண்ணோடு பார்த்தால் வியப்பு வரும். ரைட் சகோதரர்களுடையது இரட்டைத்தளம். பியர்ஸுடையது இன்று நாம் ஏறும் விமானம்போல ஒற்றைத்தளம். ரைட்டின் முதல் விமானத்துக்குச் சக்கரமே கிடையாது, தண்டவாளத்தில் வழுக்கி எழுந்தது. பியர்ஸ் மூன்று சக்கரம் வைத்து, முன்சக்கரத்தைத் திருப்பவும் வழி செய்திருந்தார். எஞ்சினும் புரொப்பல்லரும் முன்னால். இறக்கையில் அசையும் சிறு மடல்கள். ஏற்ற இறக்கத்துக்கு எலிவேட்டர். 1906இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது இவற்றையெல்லாம் வரைந்தே காட்டியிருக்கிறார். பட்டியல் போட்டால் ஏறக்குறைய எல்லா உறுப்பும் வந்துவிடுகிறது.

ஆனாலும் அது ஒழுங்காகப் பறக்கவில்லை. தரையைவிட்டு எழுந்தது, சிறிது தூரம் போனது, வேலிப் புதரில் போய் விழுந்தது. ஊர்க்காரர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்ததை வைத்து, ரைட் சகோதரர்களுக்கும் முன்பே 1903 மார்ச்சில் அவர் பறந்துவிட்டார் என்று வாதிடுகிறவர்கள் இன்றும் உண்டு. பியர்ஸ் அப்படிச் சொல்லவில்லை. 1915லும் 1928லும் பத்திரிகைகளுக்கு எழுதிய கடிதங்களில், தாம் முயன்றது 1904 வாக்கில் என்றும், கட்டுப்பாட்டோடு பறந்த பெருமை ரைட் சகோதரர்களுக்கே உரியது என்றும் எழுதினார். தன் பெயருக்கு வரக்கூடிய புகழைத் தானே மறுத்த அந்த நேர்மைக்காகவே அவரைக் கொண்டாடலாம்.

அவர் கடைசியாகக் கட்டிய விமானம் இறக்கையை மடித்து வீட்டில் நிறுத்திவைக்கக் கூடியது; எஞ்சினைச் சாய்த்து மேல்நோக்கி எழவும் திட்டமிட்டிருந்தார். 1953இல் கிறைஸ்ட்சர்ச் மனநல மருத்துவமனை ஒன்றில் யாரும் அறியாமல் இறந்தார். அந்த விமானத்தைக் கண்டறிந்து, வைட்டோஹியில் மண்ணைத் தோண்டிப் பழைய விமானத்தின் துண்டுகளையும் மீட்டவர் ஜார்ஜ் போல்ட். அவரைப் பிறகு சந்திப்போம்.

எல்லா உறுப்பும் இருந்தும் பியர்ஸின் விமானம் ஏன் நிலைகொள்ளவில்லை? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் விமானத்தின் மொத்த சூட்சுமமும் இருக்கிறது.

மூன்று அசைவுகள்

1799இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் கெய்லி ஒரு சிறு வெள்ளித் தகட்டில் விமானத்தின் படத்தைப் பொறித்தார். அசையாத இறக்கை, உட்கார ஓர் உடல், பின்னால் வால், முன்னேறுவதற்குத் தனியாகத் துடுப்புகள். பறவையைப் பார்த்து இறக்கையடிக்க முயன்ற நூற்றாண்டுகளை அந்தச் சிறு தகடு முடித்துவைத்தது. தூக்குவது ஒரு வேலை, முன்னே தள்ளுவது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே உறுப்பிடம் கொடுக்காதே என்பதுதான் அதன் செய்தி.

தூக்குவது இறக்கையின் வேலை. எதிர்க்காற்றைச் சற்றே ஏறிய கோணத்தில் சந்திக்கும் வளைந்த இறக்கை, காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. இறக்கையின் மேல்பரப்பில் அழுத்தம் குறைகிறது, கீழே கூடுகிறது. இறக்கை மேலே எழுகிறது. கோணத்தைக் கூட்டினால் தூக்குவிசையும் கூடும், ஓர் எல்லை வரைக்கும். அதைத் தாண்டினால் காற்று இறக்கையின் முதுகைவிட்டுப் பிரிந்துவிடும், தூக்குவிசை சட்டெனக் குறையும். 1896 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால் அப்படித்தான் ஏறக்குறைய 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, மறுநாள் இறந்தார். எஞ்சின் இல்லாத விமானத்தில் ஆயிரக்கணக்கான முறை மிதந்தவர் அவர். விமானத்தைத் திருப்ப அவரிடம் இருந்த ஒரே கருவி அவருடைய உடம்புதான்; தொங்கியபடி கால்களை வீசி எடையை மாற்றுவார். அன்று காற்று அதற்கு அவகாசம் தரவில்லை.

அந்தச் சாவுச் செய்தியைப் படித்துத்தான் ரைட் சகோதரர்கள் இந்த வேலையில் இறங்கினார்கள். எஞ்சினுக்கு முன்பே கட்டுப்பாடு வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்கள். வானத்தில் இருக்கும் ஒரு பொருள் மூன்று விதமாக அசையும். மூக்கு ஏறி இறங்கும். மூக்கு இடமும் வலமுமாகத் திரும்பும். ஓர் இறக்கை தாழ்ந்து மறு இறக்கை உயரும். மூன்றுக்கும் மூன்று உறுப்பு வேண்டும். ஏறி இறங்க எலிவேட்டர். இடவலம் திரும்பச் சுக்கான். உருள்வதற்கு அவர்கள் இறக்கையையே கம்பியால் முறுக்கினார்கள். பிறகு வந்தவர்கள் இறக்கை ஓரத்தில் கீல் வைத்த எய்லரான் மடல்களைப் பொருத்தினார்கள்.

இனிமேல்தான் விஷயம் சிக்கலாகிறது. இடப்பக்கம் திரும்ப நினைக்கிறீர்கள். வல இறக்கையை உயர்த்துகிறீர்கள். வல இறக்கைக்குத் தூக்குவிசை கூடும்போதே காற்றின் தடையும் கூடுகிறது. தடை கூடிய இறக்கை பின்தங்குகிறது. விமானத்தின் மூக்கு இடப்பக்கம் போகாமல் வலப்பக்கம் இழுபடுகிறது. இறக்கை ஒரு திசை சொல்கிறது, மூக்கு எதிர்த்திசையில் போகிறது. 1901இல் ரைட் சகோதரர்களைத் திகைக்க வைத்தது இதுதான். அடுத்த ஆண்டு பின்னால் நிமிர்ந்த ஒரு வாலை அசையாமல் பொருத்தினார்கள். வால் இல்லாத பட்டம் குட்டிக்கரணம் போடுவதைப் பார்க்காத பிள்ளை யார்? அந்த நியாயப்படி வால் விமானத்தை நிலைநிறுத்தியிருக்க வேண்டும். சில சமயம் நிலைநிறுத்தியது. சில சமயம் தாழ்ந்த இறக்கையைச் சுற்றி விமானத்தையே சுழற்றி மணலில் குத்தியது. வாலை அசைய விட்டால் என்ன என்று ஆர்வில் கேட்டார். அப்படியானால் இறக்கையை முறுக்கும் கம்பியோடு அதையும் இணைத்துவிடலாம் என்றார் வில்பர். இறக்கை முறுகும்போதெல்லாம் சுக்கானும் கூடவே திரும்பி, எதிர்த்திசையில் போகத் துடிக்கும் மூக்கைப் பிடித்து நிறுத்தியது. 1902 அக்டோபரில் எஞ்சின் இல்லாத அந்தச் சறுக்கு விமானம் சொன்ன பேச்சைக் கேட்டது.

பியர்ஸிடம் இல்லாமல் போனது இதுதான். இறக்கையில் அவர் வைத்த மடல்கள் மிகச் சிறியவை. ஒவ்வொரு உறுப்பும் மற்றதற்கு என்ன செய்கிறது என்பதை ஆண்டுக்கணக்கில் மிதந்து பார்த்துத் தெரிந்துகொள்ள அவருக்கு வாய்க்கவில்லை. ஓர் உறுப்பைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அதை இன்னோர் உறுப்போடு பழக்குவதுதான் மீதி வேலை. பறத்தல் பிறந்தது அந்த மீதிப் பாதியில்.

தைத்த இறக்கை

ஆக்லாந்தின் லியோ வால்ஷும் தம்பி விவியன் வால்ஷும் அந்த மீதிப் பாதியின் அருமை தெரிந்தவர்கள். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கப் போகாமல், இங்கிலாந்தில் ஹோவர்ட் ரைட் வடிவமைத்த இரட்டைத்தள விமானத்தை வரவழைத்துக் கட்டினார்கள். அமெரிக்க ரைட் குடும்பத்துக்கும் இந்த ரைட்டுக்கும் உறவில்லை. இதே வகை விமானத்தில்தான் 1910 டிசம்பரில் தாமஸ் சாப்வித் இங்கிலாந்திலிருந்து கடல் தாண்டி பெல்ஜியம் வரை 169 மைல் பறந்து 4,000 பவுண்டு பரிசு வென்றார். அதாவது, உறுப்புகள் ஒத்துழைக்கும் என்று நிரூபணமான விமானம்.

அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். எலிவேட்டர் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. 60 குதிரைத்திறன் ஈ.என்.வி. எஞ்சின் விமானிக்குப் பின்னால் உட்கார்ந்து, விமானத்தைத் தள்ளியது. உடல் என்று மூடிய அறை எதுவும் இல்லை. விமானி கீழ் இறக்கையின் முன்விளிம்பில், திறந்த காற்றில் உட்கார்ந்தார். இறக்கைகள் இரண்டாக இருந்ததற்கும் காரணம் உண்டு. ஒற்றை இறக்கையை மரத்தால் நீளமாகச் செய்தால் முறியும். இரண்டு இறக்கைகளுக்கு நடுவே தூண்களும் குறுக்குக் கம்பிகளும் கொடுத்தால், ரயில் பாலத்தின் இரும்புச் சட்டம் எடை தாங்குவதுபோலத் தாங்கும். இந்த அமைப்பை விமானத்துக்குக் கொண்டுவந்த ஆக்டேவ் சனூட் ரயில் பாலங்கள் கட்டிய எஞ்சினியர்தான்.

இறக்கையின் துணியைத் தைத்தவர்கள் வால்ஷ் வீட்டுச் சகோதரிகள் வெரோனிகாவும் டோரீனும். இதை ஒரு துணைத் தகவலாகச் சொல்லிக் கடந்துவிடக் கூடாது. அக்கால இறக்கையில் வளைவைக் கொடுப்பது மர விலாச் சட்டங்கள். அந்த வளைவைக் காற்றுக்குக் காட்டுவது துணி. தையல் ஓரிடத்தில் தளர்ந்தால் துணி உப்பும், வளைவு கெடும், தூக்குவிசை குறையும். தையல் பிரிந்தால் விமானமே விழும். இறக்கை தூக்குகிறது என்று சொல்லும்போது, அந்தத் தூக்குவிசை துணி, நூல் வழியாகத்தான் சட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. விவியன் தன் உயிரை ஒப்படைத்தது எஞ்சினிடம் மட்டுமல்ல, சகோதரிகளின் ஊசியிடமும்தான். வரலாற்று நூல்கள் வால்ஷ் சகோதரர்கள் என்று எழுதுகின்றன. வால்ஷ் உடன்பிறப்புகள் என்று எழுதுவதே நியாயம்.

விமானத்துக்கு மனுரேவா என்று பெயர் வைத்தார்கள். 1911 பிப்ரவரி 5 அன்று, நகரின் தெற்கே பாப்பகுராவுக்கு அருகில் கிளெனோரா பார்க் பண்ணையில் விவியன் அதை எழுப்பினார். கற்றுக்கொடுக்க நாட்டில் ஒரு விமானியும் இல்லை; தானே கற்றுத் தானே பறந்தார். நியூசிலாந்தில் கட்டுப்பாட்டோடு நடந்த முதல் எஞ்சின் விமானப் பயணமாக இதுவே பரவலாக ஏற்கப்படுகிறது. ஆனால் பிறகு பணம் போட்டவர்களோடு தகராறு வந்து, விமானம் அவர்கள் கையைவிட்டுப் போனது.

தண்ணீரில் இறங்கியவர்கள்

விழுந்த இடத்திலிருந்து எழுந்தபோது வால்ஷ் சகோதரர்கள் ஓர் உறுப்பை மாற்றினார்கள்: சக்கரம். ஆக்லாந்து இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஊர். எரிமலைக் குன்றுகள் நிறைந்த நிலத்தில் சமதரை தேடுவதைவிட, கண்ணெதிரே விரிந்திருக்கும் வைட்டமாட்டா துறைமுகத்தின் தண்ணீர் போதாதா? படகுபோன்ற அடிப்பாகம் கொண்ட பறக்கும் படகு ஒன்றைத் தாங்களே கட்டினார்கள். 1915 ஜனவரி 1 அன்று அது பறந்தது. அதே ஆண்டு ஒராக்கேயில் நியூசிலாந்து விமானப் பள்ளியைத் தொடங்கி, பிறகு மிஷன் பேக்கு மாற்றினார்கள். முதல் உலகப் போருக்காக 100க்கு மேற்பட்ட விமானிகள் அங்கே பயிற்சி பெற்றார்கள். போரில் பேர்பெற்ற கீத் கால்டுவெல் அவர்களில் ஒருவர்.

1918இல் பள்ளிக்கு அமெரிக்காவிலிருந்து இரண்டு கடல் விமானங்கள் வாங்கப்பட்டன. சியாட்டிலில் மரவியாபாரம் செய்த வில்லியம் போயிங், கடற்படை எஞ்சினியர் கான்ராட் வெஸ்டர்வெல்ட்டோடு சேர்ந்து 1916இல் கட்டிய முதல் இரண்டு விமானங்கள் அவை. அமெரிக்கக் கடற்படை அவற்றை வாங்கவில்லை. ஆக்லாந்து வாங்கியது, ஒன்றின் விலை 3,750 டாலர். உலக வானத்தை நிறைக்கும் போயிங் நிறுவனத்தின் முதல் வெளிநாட்டு விற்பனை இந்தத் துறைமுகத்துக்கு நடந்ததுதான். 52 அடி இறக்கை வீச்சு, 125 குதிரைத்திறன் எஞ்சின், சக்கரத்துக்குப் பதில் இரண்டு மிதவைகள்.

அவற்றில் ஒன்றை ஓட்டி 1919 ஜூனில் 6,500 அடி ஏறி நாட்டின் உயரச் சாதனை படைத்தவர், பின்னாளில் பியர்ஸின் துண்டுகளைத் தேடப் போன அதே ஜார்ஜ் போல்ட். 1919 டிசம்பர் 16 அன்று ஆக்லாந்திலிருந்து டார்கவில்லுக்கு நாட்டின் முதல் அதிகாரபூர்வ விமான அஞ்சலைக் கொண்டுபோனவரும் அவர்தான். போர் முடிந்து மாணவர் குறைந்ததும் 1924இல் பள்ளி மூடப்பட்டது. போயிங்கின் அந்த இரண்டு விமானங்களும் டெவன்போர்ட்டின் நார்த் ஹெட் குன்றுச் சுரங்கங்களில் புதைந்து கிடப்பதாக ஒரு பேச்சு பல காலம் ஓடியது. தோண்டித் தேடினார்கள், கிடைக்கவில்லை.

ஜன்னலோர இருக்கை

சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஆக்லாந்துக்கு வரும் ஒருவர், இறக்கைக்குச் சற்றுப் பின்னால் ஜன்னலோரம் இடம் கேட்டு வாங்கினால் இந்த முழு வரலாற்றையும் கண்ணால் பார்க்கலாம். மரமும் துணியும் போய் அலுமினியமும் கார்பன் இழையும் வந்துவிட்டன. போயிங் 787இன் எடையில் ஏறக்குறையப் பாதி கார்பன் இழைக் கலவைதான். ஆனால் வேலைப் பங்கீடு மாறவில்லை.

கிளம்பும்போது இறக்கையின் பின்விளிம்பு நீண்டு கீழே வளைவதைப் பாருங்கள். அது ஃபிளாப். வேகம் குறைவாக இருக்கும்போதும் போதிய தூக்குவிசை கிடைக்க, இறக்கையின் பரப்பையும் வளைவையும் தற்காலிகமாகக் கூட்டுகிறது. மேலே போனதும் மடங்கிவிடும்; வேகமாகப் பறக்கும்போது அது வெறும் தடை. திரும்பும்போது இறக்கை நுனியை நோக்கி ஒரு மடல் மெல்ல அசையும். அது எய்லரான். அதே நேரம், நீங்கள் பார்க்க முடியாத பின்பக்கத்தில் நிமிர்ந்த வாலின் சுக்கானும் தன் பங்குக்கு அசைந்து மூக்கை நேர்வழியில் வைக்கிறது. 1902இல் ஒரு கம்பி செய்த இணைப்பை இன்று கணினி செய்கிறது. படுக்கை வாலில் இருக்கும் எலிவேட்டர், ரைட்டுக்கும் மனுரேவாவுக்கும் முன்னால் நீட்டியிருந்த அதே உறுப்புதான். பின்னால் போனதும் விமானம் தானாகவே நிலைகொள்வது எளிதாயிற்று.

இறக்கைக்குள் எரிபொருள் இருக்கிறது. இறக்கையை மேல்நோக்கி வளைக்கும் தூக்குவிசைக்கு எதிராக அந்த எடை கீழே இழுத்து, இறக்கையின் அடிவேருக்கு வரும் சுமையைக் குறைக்கிறது. இறக்கையில் தொங்கும் எஞ்சினும் அந்தப் புண்ணியத்தைச் செய்கிறது. சக்கரம் தரையைத் தொட்ட நொடியில் இறக்கையின் முதுகில் தகடுகள் எழுந்து நிற்கும். அவை ஸ்பாய்லர்கள். இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற தூக்குவிசையை அவை ஒரே கணத்தில் கலைத்துவிடுகின்றன. விமானத்தின் முழு எடையும் சக்கரத்தில் இறங்கினால்தான் பிரேக் பிடிக்கும்.

ஒவ்வொரு உறுப்புக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் விழுந்திருக்கிறார். விழுந்ததை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார், அல்லது அடுத்தவர் அதைத் தேடிப் படித்திருக்கிறார். லிலியந்தாலின் மரணம் ரைட் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பாலம் கட்டிய சனூட்டின் கணக்கு இறக்கைக்குப் போய்ச் சேர்ந்தது. வைட்டோஹியில் பியர்ஸ் வேலிப் புதரில் விழுந்தது மட்டும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. யாருடைய பாடமும் காலத்தில் அவருக்கும் வந்து சேரவில்லை. அவருக்கு அறிவு குறைவில்லை, உழைப்பு குறைவில்லை. உறுப்புகள் ஒன்றோடொன்று பேச வேண்டியதுபோல, அவற்றைச் செய்கிறவர்களும் ஒருவரோடொருவர் பேச வேண்டியிருக்கிறது. திறமையான ஒருவரைத் தனியாக விட்டுவிடுவது ஊருக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கு அவரைவிடப் பெரிய சான்று விமான வரலாற்றில் எனக்குத் தெரியாது.

அடுத்த பகுதியில்: இரண்டடுக்கு இறக்கையிலிருந்து மேலடுக்கு உதிர்ந்த கதை. ரோட்டோருவாவில் பிறந்த ஜீன் பேட்டன், பெர்சிவல் கல் என்னும் ஒற்றைத்தள விமானத்தில் இங்கிலாந்திலிருந்து தனியாகக் கிளம்பி, 11 நாள் 45 நிமிடத்தில், 1936 அக்டோபர் 16 அன்று ஆக்லாந்தின் மாங்கரேயில் இறங்குகிறார். தூணும் கம்பியும் இல்லாமல் அந்த ஒற்றை இறக்கை டாஸ்மன் கடலை எப்படித் தாண்டியது?